பெயர் பின்னர் அறிவிக்கப்படும்

போர்ட்லாண்ட்
ஆகஸ்ட் 9, 2014

லூயிவில் ஃபெரிமென் பேஸ்பால் அணியின் பொது மேலாளர் திருவாளர் லீலண்ட் ரௌஷ் அவர்களுக்கு,

தங்களுடன் கூடப் பிறந்த பாவத்துக்காக இதை எழுதுகிறேன். போனில் நீ வியாபாரி. எதிராளி ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அவனிடம் எதையாவது விற்றுவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது அல்லவா, அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ என் புருஷனை விற்றுவிட்டாய். விற்றதில்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. அப்பா நம் இரண்டு பேரையும் மைதானத்தின் மலிவு வரிசையில் உட்காரவைத்து வளர்த்தவர். ஆட்டக்காரன் இன்றைக்கு ஒரு சட்டை, நாளைக்கு வேறு சட்டை என்பது எனக்கும் தெரியும். எம்மெட்டுக்கு முப்பத்துமூன்று வயது. இடதுகைப் பந்துவீச்சாளன். அணியோ தோற்றுக்கொண்டே இருக்கிறது. சந்தையில் விலை இருக்கும்போதே அவனைத் தள்ளிவிட வேண்டும் என்று நீ நினைத்தது கணக்குப்படி சரியாகவே இருக்கட்டும்.

ஆனால் சட்டப்படி உன்னால் அவனை விற்க முடியாது, லீலண்ட். பத்து வருஷம் பெரிய லீகில் ஆடி, அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில் இருந்தவனை அவன் சம்மதம் இல்லாமல் யாரும் இடம் மாற்ற முடியாது. தோள்பட்டை தேயத் தேய வீசி ஒரு ஆட்டக்காரன் சம்பாதிக்கிற ஒரே அதிகாரம் அது: 'முடியாது' என்று சொல்லும் அதிகாரம். அந்தச் சம்மதத்தை நீ எங்கே வைத்துக் கேட்டாய்? ஆபீசுக்குக் கூப்பிட்டு, அவனுடைய ஏஜென்டைப் பக்கத்தில் உட்காரவைத்தா? இல்லை. நம் பங்குக் கோவில் பிக்னிக்கில் கேட்டாய். ஒரு கையில் பீர், இன்னொரு கை அவன் தோளில். நான் கொஞ்சம் தள்ளி, கேக் பரிசு விழும் சக்கரத்துக்கு முன்னால், பிரைடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு தேங்காய் கேக்கை ஜெயித்துக்கொண்டு திரும்பி வருகிறேன், என் குடித்தனம் போர்ட்லாண்டுக்குப் போய்விட்டது.

அன்று இரவு எம்மெட் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்கண்ணன் கேட்டான், கோரி. மச்சான் வாய்விட்டுக் கேக்கும்போது எப்படி மாட்டேன்னு சொல்றது?"

மேலாளராகக் கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பான். நீ மச்சானாகக் கேட்டாய். என் சண்டை இது ஒன்றுதான்.

சரி, ஈடாக என்ன வாங்கினாய்? பத்திரிகையில் பார்த்தேன். மட்டையாளனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சர் ஒருவன். மீசை சரியாக முளைக்காத ஒரு பந்துவீச்சாளன். மூன்றாவதாக, 'பெயர் பின்னர் அறிவிக்கப்படும் வீரர்'. பதினோரு வருஷம் அந்த ஊருக்காக வீசியவனுக்கு விலை இரண்டு பேரும் ஒரு பெயரில்லாதவனும். பிரைடி கேட்கிறாள்: "அந்த ஆளுக்கு அவங்கம்மா இன்னும் பேரே வைக்கலையாம்மா?" நான் என்ன பதில் சொல்ல?

அணியை இடித்துக் கட்டப்போகிறாயாம். ஜெயித்தாயா தோற்றாயா என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள், எழுதட்டும். எம்மெட்டைக் கொடுத்து நீ வாங்கியது எம்மெட்டுக்குச் சமம்தானா என்பதை நான்தான் சொல்வேன். அதுவரை உன் ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

கொரீன் பர்செல்
(பிறந்த வீட்டுப் பெயரை எழுத இப்போதைக்குப் பிடிக்கவில்லை)

&nbsp;

லூயிவில்
ஆகஸ்ட் 24, 2014

அன்புள்ள கொரீன்,

நீ திட்டுவதில்கூட அப்பாவின் கைவரிசை தெரிகிறது. அந்தத் தேங்காய் கேக் வரியில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். மன்னித்துக்கொள்.

மறைக்காமல் சொல்கிறேன். ஆபீசில் கேட்டால் எம்மெட் மறுப்பான் என்று தெரிந்துதான் பிக்னிக்கில் கேட்டேன். அதில் எனக்கு வெட்கம் இருக்கிறது, வருத்தம் இல்லை. இரண்டும் வேறு வேறு.

நம் அணியின் லட்சணம் உனக்குத் தெரியாததா? வருஷா வருஷம் பாதி ஆட்டம் ஜெயித்து, பாதி தோற்று, நடுவில் நிற்கிறோம். இந்த விளையாட்டில் அதைவிடக் கேடுகெட்ட இடம் கிடையாது. மேலே போகவும் முடியாது. கடைசியில் நிற்பவனுக்கு முதலில் கிடைக்கும் நல்ல பையன்களும் நமக்குக் கிடைக்க மாட்டார்கள். முதலாளி "இன்னும் ரெண்டு பேரை வாங்கிப் போட்டு ஒப்பேத்து" என்றார். ஒழுகுகிற கூரைக்கு எத்தனை தடவை தார் பூசுவது? இடித்துவிட்டுக் கட்டுகிறேன் என்று சொன்னேன். மூன்று வருஷம் கேட்டேன். கொடுத்திருக்கிறார்.

இடிக்கும்போது நல்ல மரத்தைத்தான் முதலில் விற்க வேண்டியிருக்கிறது. உளுத்த மரத்தை யார் வாங்குவார்கள்? எங்களிடம் இருந்த நல்ல மரம் உன் புருஷன். அதோடு, போர்ட்லாண்ட் அக்டோபரில் ஆடப்போகிற அணி. இங்கே இருந்திருந்தால் எம்மெட் அக்டோபர் ஆட்டத்தை டிவியில் பார்த்துக்கொண்டு சோபாவில் கிடந்திருப்பான். இதையும் கொஞ்சம் யோசி.

பெயரில்லாதவனைப் பற்றிக் கேட்டாய். இரண்டு பேர் போதாது என்றேன், மூன்றாவது ஆள் விஷயத்தில் ஒத்துவரவில்லை, ஆள் மாற்றுவதற்கான கடைசி நேரமோ நெருங்கிவிட்டது. அதனால் ஐந்து பெயர் கொண்ட பட்டியல் ஒன்றைத் தந்திருக்கிறார்கள். ஐந்தும் அவர்களுடைய கீழ்மட்ட அணிகளில் ஆடும் பையன்கள். ஜனவரி முடிவதற்குள் ஒருவனை நான் பொறுக்கிக்கொள்ளலாம். டெக்சாஸ் பையன் ஒருவன் இருக்கிறான், ஆறரை அடி, அவன் வீசுகிற பந்து கண்ணுக்கே தெரியாதாம். என் ஆட்கள் எல்லோருக்கும் அவன்மேல்தான் கண்.

பிரைடியிடம் சொல், பெயர் வைத்ததும் மாமா முதலில் அவளுக்குத்தான் எழுதுவேன். இந்த அணி எழுந்து நிற்கும், கொரீன். நீ வந்து பார்ப்பாய்.

லீலண்ட்

&nbsp;

போர்ட்லாண்ட்
நவம்பர் 16, 2014

லீலண்ட்,

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். இந்த ஊர் மழை ஒருத்தியை வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்து எல்லாவற்றையும் யோசிக்கவைக்கிறது.

அக்டோபரில் என்ன நடந்தது என்று பார்த்திருப்பாய். எம்மெட் ஒரு ஆட்டம் வீசினான், ஜெயித்தான். அப்புறம் மற்றவர்கள் தோற்றுக் கொடுத்தார்கள். ஆட்டம் முடிந்த ராத்திரி கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அதை வீடு முழுக்கத் தேடினான். அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு ஏமாற்றம். நீ சொன்னது அந்த ஒரு விஷயத்தில் நடந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது ஒன்று சொல்கிறேன். உன்மேல் உள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அப்பாவின் மகளாகப் பிறந்துவிட்டு, ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு குழியில் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் எம்மெட்டுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வாரம் கீழ்மட்ட அணி ஒன்றில் வீச அனுப்பினார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஊர். ஆள் பொறுக்க ஊர் ஊராகப் போகும் உன் ஸ்கௌட் வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தானாம். அவன் யாரைப் பார்க்க வந்திருக்கிறான் என்று வேர்க்கடலை விற்கிறவன்வரை எல்லோருக்கும் தெரியுமாம். அந்த டெக்சாஸ் பனைமரத்தைத்தான். எம்மெட் சொல்கிறான், அவன் சோர்ந்துபோனால் முழங்கை கீழே தொங்குகிறது, இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்காது என்று.

அதே அணியில் இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே ஷார்ட்ஸ்டாப்பாக நிற்கும் பையன் ஒருவன். ஹெனாரோ பிகாடோ, நிகராகுவாக்காரன், பத்தொன்பது வயது. பந்து அவன் பக்கம் வந்தால் எம்மெட் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டானாம், அவுட் என்று நடக்க ஆரம்பித்துவிடுவானாம். ஆனால் மட்டையைப் பிடித்தால் ஒரு அடியும் விழவில்லை. அதனால்தான் அவனை உன் பட்டியலில் தள்ளியிருக்க வேண்டும். இருக்கிறான்தானே?

பெரிய ஆட்டக்காரன் கீழே இறங்கி ஆட வந்தால் பையன்களுக்கு ஒருநாள் நல்ல சாப்பாடு போட்டுத்தான் ஆக வேண்டும், உனக்குத் தெரியும். எம்மெட் எல்லோருக்கும் மாட்டிறைச்சி வறுவல் வாங்கிப் போட்டான். இந்தப் பையன் மட்டும் கறியை வெட்டாமல் கையால் பிய்த்துத் தின்றிருக்கிறான். அப்புறம் சோடா பாட்டிலை எம்மெட்டிடம் நீட்டி, "அண்ணே, கொஞ்சம் தொறந்து குடுங்களேன்" என்றானாம். இடது கையில் எதையும் அழுத்திப் பிடிக்க முடியவில்லை. உள்ளங்கை ஓரத்துக் குட்டி எலும்பு உடைந்திருக்கிறது. மட்டையின் அடிப்பிடி அழுத்துகிற இடம். ஒரு சின்ன ஆபரேஷனில் சரியாகிற விஷயம். இவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

"தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிடுவாங்கண்ணே. சொல்லிடாதீங்க" என்று கெஞ்சியிருக்கிறான். எம்மெட் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

எம்மெட் கொடுத்தான். நான் கொடுக்கவில்லை.

கொரீன்

&nbsp;

லூயிவில்
ஜனவரி 30, 2015

அன்புள்ள கொரீன்,

உன் நவம்பர் கடிதம் தபாலில் தொலைந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கு வந்து சேரவில்லை. வேறொரு அணியில் ஆடுகிறவனின் மனைவி எழுதிய அப்படி ஒரு கடிதம் என் கைக்கு வந்திருந்தால் அதை நான் படித்திருக்கவே கூடாது. எனவே படிக்கவில்லை. அது எரிந்தும் போய்விட்டது.

இன்று மாலை மூன்றாவது வீரரின் பெயரை அறிவித்தோம். ஹெனாரோ பிகாடோ. என் ஆட்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். வைக்கோல் தொப்பிக்காரர் நேரடியாகவே கேட்டுவிட்டார்: "சார், நம்ம எல்லாரும் டெக்சாஸ்னு தானே பேசி வெச்சிருந்தோம்? திடீர்னு உங்களுக்கு என்ன ஆச்சு?" கனவில் அப்பா வந்து சொன்னார் என்றேன். ஒரு வகையில் பொய் இல்லை.

எங்கள் அணிக்கு வரும் புதுப் பையன்கள் எல்லோருக்கும் டாக்டர் கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வழக்கம். இந்த வருஷத்திலிருந்து வழக்கம்.

பிரைடிக்குத் தனியாக ஒரு அட்டை வைத்திருக்கிறேன். அவனுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது என்று சொல்.

லீலண்ட்

&nbsp;

போர்ட்லாண்ட்
அக்டோபர் 20, 2016

லீலண்ட்,

இரண்டு வருஷம் ஆகப்போகிறது நான் எழுதி. கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியதைக் கணக்கில் சேர்க்காதே, அது பிரைடி எழுதியது.

போன வருஷம் நூற்றி ஒன்று தோல்வி. இந்த வருஷம் தொண்ணூற்று நான்கு. நம் ஊர்க்காரர்கள் முகம் தெரியக்கூடாது என்று தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்க வருகிறார்களாமே? டிவியில் ஒரு வரிசை முழுக்கப் பைகளைக் காட்டினார்கள். அதில் ஒரு பை நம் சித்தப்பா டெல்பர்ட். தொப்பையை வைத்துக் கண்டுபிடித்தேன்.

வாங்கின மூன்று பேரில் மீசை முளைக்காத பந்துவீச்சாளனுக்கு முழங்கைத் தசைநார் கிழிந்துவிட்டது என்று படித்தேன். பாவம், அவன் அம்மாவை நினைத்துக்கொண்டேன். கேட்சர் பரவாயில்லை. பந்தைப் பிடிக்கிறான், பந்துவீச்சாளர்களைத் திட்டுகிறான், அவன் வேலையே அதுதானே. ஆக எம்மெட்டுக்கு ஈடு இதுவரை ஒரு கேட்சர். இங்கேயோ எம்மெட் இரண்டு வருஷமாக நன்றாக வீசிக்கொண்டிருக்கிறான். கணக்கு யார் பக்கம் என்று நீயே பார்.

இதையெல்லாம் குத்திக்காட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

எம்மெட் தினமும் ராத்திரி ஆட்டம் முடிந்ததும் முதலில் பார்ப்பது தன் அணியின் நிலவரத்தை அல்ல. ஹெனாரோ அன்றைக்கு உன் கீழ்மட்ட அணியில் எத்தனை அடித்தான் என்பதை. தோற்ற நாளில்கூட. கூட ஆடுகிறவர்கள் கேலி செய்கிறார்கள். "என்னடா பர்செல், உன் புள்ள இன்னிக்கு என்ன பண்ணான்?" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். இவனும் கூச்சமே இல்லாமல் சொல்வான்: "ரெண்டு அடிச்சான். ஒரு பேஸ் திருடுனான்."

நான் ஒருநாள் கேட்டேன், "உனக்கென்ன அவன்மேல அவ்வளவு அக்கறை? உன்னை வெரட்டிட்டு வந்தவன்தானே அவன்?"

"வெரட்டிட்டு வந்தவன் இல்ல கோரி. அவன்தான் என் வெல. அவன் ஒண்ணுமில்லாமப் போனா நானும் ஒண்ணுமில்லன்னு அர்த்தம்."

இந்தப் பேச்சுக்கு என்ன செய்வாய் லீலண்ட்? எனக்கு உன்மேல் வந்த கோபம் சொல்லி மாளாது. ஒரு மனுஷனுடைய மதிப்பை இன்னொரு பையனின் மட்டையில் கட்டித் தொங்கவிட்டுவிட்டாய். அந்தப் பையன் அடிக்காவிட்டால் உன்னை நான் விட மாட்டேன்.

கொரீன்

&nbsp;

லூயிவில்
ஜூன் 18, 2017

அன்புள்ள கொரீன்,

காகிதப் பைகள் எல்லாம் குப்பைக்குப் போய்விட்டன. சித்தப்பா டெல்பர்ட் இப்போது முகத்தில் நீலச் சாயம் பூசிக்கொண்டு வருகிறார். பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் சந்தோஷமாக இருக்கிறது.

முதலிடம். நான்கு ஆட்டம் முன்னால். அணியில் பாதிப் பேருக்கு இருபத்தைந்து வயது ஆகவில்லை. பயணத்தில் ஓட்டலுக்குப் போனால் பீர் கேட்கும்போது அடையாள அட்டை காட்டச் சொல்கிறார்கள். எம்மெட்டைக் கொடுத்ததற்கு மட்டுமல்ல, அந்த இரண்டு வருஷமும் நான் கொடுத்தனுப்பிய ஒவ்வொருவனுக்கும் ஈடாக வந்தவர்கள்தான் இன்று ஆடுகிறார்கள். தோற்றுத் தோற்றுச் சேர்த்த பையன்கள் மீதி.

ஹெனாரோவை மே மாதம் மேலே கூட்டி வந்தேன். நீ பார்த்திருப்பாய், எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஆற்றங்கரை மைதானத்தில் அவன் பெயரைச் சொன்னால் பாலத்தில் நடந்து போகிறவர்களும் நின்று கை தட்டுகிறார்கள். கையில் தழும்பு இருக்கிறது, ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "சார், பர்செல் அண்ணன் எங்க டீமுக்கு எதிரா எப்ப வீசுவாரு?" ஆகஸ்டில் இங்கே வருகிறார்கள் என்றேன். தேதியைக் கேட்டுத் தொப்பியின் உள்பக்கம் எழுதிவைத்துக்கொண்டான்.

இடித்தது சரிதான், கட்டியதும் சரிதான். ஜெயித்துவிட்டேன் என்று உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். வந்து பார்.

லீலண்ட்

&nbsp;

போர்ட்லாண்ட்
ஜூலை 2, 2017

லீலண்ட்,

ஜூன் மாதத்தில் ஜெயித்தவன் கதையெல்லாம் நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். செப்டம்பரில் பேசு.

உன் பையன் உடம்பை ஒட்டி உள்பக்கம் வரும் பந்துக்கு ஒரு இமைப்பொழுது முந்தி மட்டையைச் சுழற்றிவிடுகிறான். எம்மெட் கவனித்துவிட்டான். உன்னிடம் சொல்லச் சொல்லவில்லை, நான்தான் வாயை அடக்க முடியாதவள்.

கொரீன்

&nbsp;

லூயிவில்
ஜூலை 24, 2017

அன்புள்ள கொரீன்,

இதைத் தனி ஆள் மூலமாக அனுப்புகிறேன், நாளைக்கே உன் கையில் கிடைக்கும். பதிலையும் அப்படியே அனுப்பு.

என் பந்துவீச்சாளர்களில் இரண்டு பேர் படுத்துவிட்டார்கள். முன்னால் இருந்த நான்கு ஆட்டம் ஒன்றாகிவிட்டது. போர்ட்லாண்ட் இந்த வருஷம் தேறாது, அதனால் அவர்கள் விற்கிறார்கள். நேற்று அவர்களுடைய மேலாளர் கூப்பிட்டார். எம்மெட், கடைசி இன்னிங்ஸை முடித்துக் கொடுக்கும் அவர்களுடைய பெரிய ஆள், இன்னும் ஒரு நல்ல மட்டையாளன். மூன்று பேர். இந்த முறை எல்லோருக்கும் பெயர் இருக்கிறது.

ஈடாகக் கேட்பது ஹெனாரோவை. தப்புப் பண்ணிவிட்டோம் என்று அவர்களுக்கு இப்போது தெரிகிறது.

முதலாளி துள்ளிக் குதிக்கிறார். "பர்செல் திரும்பி வந்தா ஊரே திரண்டு வரும்யா! இந்த வருஷமே கோப்பை. நாளைக்குக் கிடைக்கிற பலாப்பழம் எனக்கெதுக்கு?" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த மூன்று பேரும் வந்தால் இந்த வருஷம் நாங்கள் ஜெயிப்போம் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

எம்மெட் அங்கே போய் மூன்று வருஷம்தான் ஆகிறது. மறுக்கும் உரிமை இந்த முறை அவனுக்கு இல்லை. யாரையும் கேட்காமல் ஒரு போனில் முடித்துவிடலாம். நீ ஒரு வாரத்தில் உன் வீட்டில் இருப்பாய்.

கேட்கத் தேவையே இல்லாத இந்த முறை உன்னைக் கேட்கிறேன். முப்பத்தொன்றாம் தேதி நான்கு மணிவரை நேரம் இருக்கிறது. செய்யட்டுமா?

லீலண்ட்

&nbsp;

போர்ட்லாண்ட்
ஜூலை 26, 2017

லீலண்ட்,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் நான் செய்தது என்ன தெரியுமா? பிரைடியின் பள்ளிக்கூடத்தை நினைத்தேன், நம் தெருவை நினைத்தேன், ஜூலை மாதத்தில் உடம்பெல்லாம் பிசுபிசுக்கும் அந்த ஓஹையோ ஆற்றுப் புழுக்கத்தை நினைத்தேன். பெட்டியைக் கட்ட மனசு ஓடிவிட்டது. மூன்று வருஷமாக இங்கே நான் வீட்டுக்குத் திரும்பும் நாளைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை.

எம்மெட் சமையலறையில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தான்.

"அந்தப் பையனக் குடுத்துட்டா என்னைய வாங்கப் போறான்?"

"ஆமா. இந்த வருஷமே கோப்பையாம்."

"எனக்கு முப்பத்தாறு வயசு கோரி. இன்னும் ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ரெண்டு. அவனுக்கு இருபத்திரெண்டு. உங்கண்ணனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"வீட்டுக்குப் போகலாமே எம்மெட்."

அவன் நறுக்கின துண்டுகளைக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டான். பிறகு சொன்னான்: "எனக்கும் போகணும். ஆனா அவனக் குடுத்துட்டு நான் போனா, மூணு வருஷம் நீ இந்த மழையில நனைஞ்சது எதுக்கு? நான் அந்த மைதானத்துல பந்து வீசுற நடு மேட்டுல நின்னு திரும்பிப் பார்த்தா ஷார்ட்ஸ்டாப்ல வேற எவனோ நிப்பான். அந்த மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது?"

ராத்திரி முழுக்க அவனோடு சண்டை போட்டேன். காலையில் என்னோடேயே சண்டை போட்டேன். இப்போது எழுதுகிறேன்.

செய்யாதே, லீலண்ட்.

ஒரு மேலாளர் அந்தப் பையனை விற்க மாட்டான். தங்கையை வீட்டுக்கு அழைத்து வர நினைக்கிற அண்ணன்தான் விற்பான். அன்றைக்கு மேலாளராக இருக்க வேண்டிய இடத்தில் மச்சானாக நின்றாய். இன்றைக்கும் அதே தப்பைத்தான் செய்யப் பார்க்கிறாய், எனக்காகச் செய்கிறாய் என்பது மட்டும்தான் வித்தியாசம். எனக்கு வேண்டாம்.

உனக்கு எம்மெட் தேவையில்லை. இதை எழுதும்போது எனக்கு அழுகையாக வருகிறது, ஆனால் அதுதான் உண்மை. அவன் இல்லாமல் ஜெயிக்கும் அணியைக் கட்டத்தானே அவனைக் கொடுத்தாய்? கட்டிவிட்டாய். இப்போது பயப்படாதே. தோற்றால் இந்த வருஷம் தோற்றுப் போ. அந்தப் பையன் அடுத்த பத்து வருஷம் அங்கே நிற்பான்.

அவனைப் பொறுக்கியவள் நான். தொலைந்துபோன அந்தக் கடிதத்தை எழுதியவள் நான். அதனால் எனக்கும் இதில் ஒரு பேச்சு உண்டு.

கொரீன்

&nbsp;

லூயிவில்
ஆகஸ்ட் 1, 2017

அன்புள்ள கொரீன்,

நேற்று நான்கு மணி தாண்டியதும் போனைக் கீழே வைத்தேன். யாரும் வரவில்லை, யாரும் போகவில்லை.

முதலாளி கதவை உதைக்காத குறை. "ஒண்ணுமே பண்ணாம உக்காந்திருக்கவா உனக்குச் சம்பளம் குடுக்கறேன்?" என்றார். "ஆமாம் சார், இன்னைக்கு அதுக்குத்தான்" என்றேன். அக்டோபருக்குள் முதலிடத்தில் இல்லாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். எனக்கு இருப்போம் என்று தோன்றுகிறது. இல்லாவிட்டாலும் நான் கட்டியது கட்டியதுதான், அடுத்து வருகிறவன் வந்து விளக்கேற்றிக்கொள்ளட்டும்.

ஹெனாரோவுக்கு ஒன்றும் தெரியாது. மாலை ஆட்டத்துக்கு முன் என்னைப் பார்த்து, "என்ன சார், மூஞ்சி வெளுத்திருக்கு, சாப்பிடலையா?" என்று கேட்டான். அணைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. சாப்பிட்டேன்டா என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உன் கடிதத்தை ஆபீசில் யாருக்கும் காட்டவில்லை. இது தபாலில் தொலையவும் இல்லை, எரியவும் இல்லை.

லீலண்ட்

&nbsp;

சின்சினாட்டி விமான நிலையம்
ஆகஸ்ட் 19, 2017

லீலண்ட்,

வியாழக்கிழமை ஆட்டத்துக்கு நானும் பிரைடியும் வந்திருந்தோம். உன்னிடம் சொல்லவில்லை. எம்மெட் லூயிவில்லில் வீசப்போகும் கடைசி ஆட்டமாக இருக்கலாம் என்று தோன்றியதால் வந்தேன். டிக்கெட்டை நாங்களே வாங்கி, இடது பக்கம் மலிவு வரிசையில் உட்கார்ந்தோம். பிரைடி அப்பாவின் போர்ட்லாண்ட் தொப்பியைப் போட்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ஒருவர், "பாப்பா, அந்தத் தொப்பிய இங்க போட ரொம்பத் தைரியம் வேணும்" என்றார். "எங்கப்பா தொப்பி" என்று சொல்லிவிட்டு இன்னும் அழுத்திப் போட்டுக்கொண்டாள்.

ஆட்டத்தைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எம்மெட் இந்த வருஷத்திலேயே இவ்வளவு நன்றாக வீசி நான் பார்க்கவில்லை. ஹெனாரோவை இரண்டு தடவையும் உள்பக்கப் பந்தாலேயே வெளியே அனுப்பினான். இரண்டாவது தடவை அந்தப் பையன் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே போனான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிழவன் இன்னும் கிழவனாகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாவது இன்னிங்ஸ். இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள், எம்மெட் அணி ஒரு ஓட்டம் முன்னால். மறுபடியும் ஹெனாரோ. மறுபடியும் உள்பக்கம். இந்தத் தடவை பையன் முந்திச் சுழற்றவில்லை, காத்திருந்தான். அந்தச் சத்தத்தை நீயும் மேலே கண்ணாடி அறையிலிருந்து கேட்டிருப்பாய். பந்து இடது மூலைக்குப் போய்ச் சுவரில் மோதியது, இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள், உன் அணி முன்னால் போயிற்று. எம்மெட்டை மாற்றினார்கள். அவன் நடந்து வெளியே வரும்போது ஊரே எழுந்து நின்றதையும், இரண்டாவது பேஸில் நின்ற பையன் தொப்பியைக் கழற்றியதையும் பார்த்தேன். எவ்வளவோ பேர் அழுதார்கள். நான் அழவில்லை. எனக்கு அப்போது வெட்கத்தில் முகம் கொதித்துக்கொண்டிருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், எம்மெட்டுக்குச் சமம்தானா என்பதை நான்தான் சொல்வேன் என்று அன்றைக்கு எழுதினேனே, அதற்குப் பதில். சமம்தான், லீலண்ட். நீ கட்டியது நின்றுவிட்டது. பத்திரிகைக்காரன் சொல்லி எனக்குத் தெரியவேண்டியதில்லை, அந்த ஏழாவது இன்னிங்ஸில் எனக்கே தெரிந்துவிட்டது.

ஆட்டம் முடிந்து எம்மெட் குளித்துவிட்டு வந்தான். வாடகைக் காரில் ஓட்டலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பிரைடி பின்னால் தூங்கிவிட்டாள். பாலத்தைத் தாண்டினோம். அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நீ கத்துனது கேட்டுச்சு."

"எந்தக் கத்தல்?"

"முப்பதாயிரம் பேர் கத்துனாலும் உன் தொண்ட எனக்குத் தெரியாதா? பந்து சுவத்துல மோதுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு நின்னு கத்துன. 'ஓடு ஹெனாரோ, ஓடு'ன்னு."

கட்டிய புருஷன் வீசிய பந்தை ஒருவன் அடித்து நொறுக்கும்போது எழுந்து நின்று கை தட்டியவள் நான். பொய் சொல்லவும் முடியவில்லை.

"தப்புதான் எம்மெட். என்னை அறியாம வந்துடுச்சு."

"தப்பு என்ன தப்பு? நல்லவேளை, நீயாவது கத்துன. எனக்கும் கத்தணும்னுதான் இருந்துச்சு. நடு மேட்டுல நின்னுக்கிட்டு நான் எப்படிக் கத்துறது?"

உன் தங்கை,
கொரீன்